கட்டி வச்ச ஃபைபர் படகைக் காணோம். பூட்டு, சங்கிலி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஏரியூர்காரன் | திங்கள், காலை 11.20

வணக்கங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நாகமரை பக்கம் மேட்டூர் டேம் தண்ணியில எங்கப்பா மீன் புடிக்கிறாரு. லைசன்ஸ் இருக்குது. முப்பது வருஷமா பரிசல்தான். போன தை மாசம் கடலூர் பக்கமிருந்து பழைய ஃபைபர் படகு ஒண்ணு, 12 அடி, 38 ஆயிரம் குடுத்து மினி லாரியில ஏத்தி எடுத்தாந்தோம். எஞ்சின் கிடையாது, துடுப்புதான்.

நேத்து சாயங்காலம் கரையோரம் ஒரு வேலிக்காத்தான் மரத்துல நைலான் கயித்துல கட்டிட்டு வந்தோம். காலையில போனா படகு இல்ல. மரத்துல ஒரு முழம் கயிறு தொங்குது, அவ்வளவுதான். எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். துடுப்பு ரெண்டும் படகுக்குள்ளதான் இருந்துச்சு. அப்பா காலையிலிருந்து யார்கிட்டயும் பேசல.

இந்தப் படகு கிடைக்குதோ இல்லையோ, இன்னொரு பரிசல் இருக்குது, அதையாவது காப்பாத்தணும். என்ன பூட்டு, எந்தச் சங்கிலி, எங்க மாட்டுறது?

கேஆர்பி_தூண்டில் | திங்கள், காலை 11.48

வருத்தமா இருக்குது தம்பி. நான் காவேரிப்பட்டணத்துக்காரன். எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி படகு போகல, துடுப்பும் நங்கூரக் கயிறும் போச்சு. படகை விட்டுட்டுத் துடுப்பை மட்டும் எடுத்துட்டுப் போவானான்னு சிரிச்சாங்க. எடுத்துட்டுப் போனான். அன்னையிலிருந்து துடுப்பு என்கூடவே வண்டியில வீட்டுக்கு வந்துடும். வீட்டுக்காரம்மா மாடிப்படியில நிக்க வச்சு அதுமேல துணி காயப் போடறாங்க. படகுத் திருடனுக்கு முதல் தடை பூட்டு இல்ல, துடுப்பு இல்லாத படகு. கையால தள்ளிக்கிட்டு எவ்வளவு தூரம் போவான்?

ஓசூர்_கயாக் | திங்கள், மதியம் 12.10

அண்ணா, இப்பல்லாம் ஜிபிஎஸ் டிராக்கர் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கே வருது. பைக்குக்கு வைக்கிறதுதான். சீட்டுக்கு அடியில ஒட்டிட்டா படகு நகர்ந்ததும் போன்ல மணி அடிக்கும். நான் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி டேம்ல கயாக் விடற ஆளு. எனக்கு அந்தக் கவலையே இல்ல, அங்க தண்ணி மேல மிதக்கிற கழிவு நுரைக்குள்ள என் படகு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது, திருடனுக்கு எங்க தெரியப்போகுது.

ஏரியூர்காரன் | திங்கள், மதியம் 12.31

@ஓசூர்_கயாக் நாகமரை கரையில போன் பேசணும்னாலே மேட்டுல ஏறி நிக்கணுங்க. டிராக்கருக்குள்ள சிம்தானே இருக்குது, அது எங்கிருந்து பேசும்?

ஓசூர்_கயாக் | திங்கள், மதியம் 12.40

அதுவும் சரிதான். ப்ளூடூத் வில்லை (டேக்) வச்சாலும் பக்கத்துல யாராவது போன் வச்சிருந்தாதான் காட்டிக் குடுக்கும். நடுத்தண்ணியில கெண்டை மீனுக்குப் போன் கிடையாது. வாபஸ் வாங்கிக்கறேன். வண்டியில ஏத்திட்டு டவர் இருக்கிற ரோட்டுக்கு வந்தா மட்டும் மாட்டுவான்.

பரிசல்_மாமா | திங்கள், மதியம் 1.15

தம்பி, பூட்டு சங்கிலி எல்லாம் அப்புறம் பேசலாம். எனக்கு ஒரு விவரம் வேணும். மரத்துல தொங்குற கயிறு, அதோட நுனி எப்படி இருக்குது? கையில எடுத்துப் பார்த்தியா? ரெண்டாவது, நேத்து கட்டுறப்ப அந்த மரம் தரையில இருந்துச்சா தண்ணியில இருந்துச்சா? இன்னைக்குக் காலையில?

ஒகேனக்கல்ல இருபத்தாறு வருஷம் பரிசல் ஓட்டுனவன் கேக்கறேன்.

காரிமங்கலம்_வக்கீல் | திங்கள், மதியம் 1.52

ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் இன்றே கொடுங்கள். ஆனால் எழுதும்போது ‘இன்னார் திருடியிருப்பார்’ என்று யார் பெயரையும் சேர்க்காதீர்கள். கட்டிய இடம், நேரம், படகின் நிறம், நீளம், அடையாளம், வாங்கிய ரசீது, இவை போதும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 379 இல்லை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303. பிரிவு எண்ணை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் வேலை அடையாளம் சொல்வது. உங்கள் படகை மற்றொரு வெள்ளைப் படகிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?

எஞ்சின் பொருத்தும் எண்ணம் இருந்தால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 என்று ஒன்று இருக்கிறது. எந்திரத்தால் ஓடும் கலத்துக்குப் பதிவு வேண்டும். அது தனிக் கதை.

ஏரியூர்காரன் | திங்கள், மாலை 3.05

ரசீதுன்னு ஒரு நோட்டுப் பேப்பர்தான் சார் இருக்குது, வித்தவரு கையெழுத்து போட்டது. அடையாளம்னா… வெள்ளை, கீழ நீலக் கோடு. அந்தப் பக்கம் எல்லாப் படகும் வெள்ளையில நீலக் கோடுதான்.

@பரிசல்_மாமா மாமா, மரம் நேத்து தண்ணி ஓரம் இருந்துச்சு, வேர் நனையல. இன்னைக்கு இடுப்பளவு தண்ணியில நிக்குது. கயிறு நுனியை இன்னும் நான் சரியா பார்க்கல, அவிழ்க்காம அப்படியே விட்டுட்டு வந்துட்டோம். சாயங்காலம் போறேன்.

வெல்டர்_பாலக்கோடு | திங்கள், மாலை 4.20

சங்கிலி கேட்டீங்க, அதுக்கு நான் பதில் சொல்றேன். நம்ம பட்டறையில கேட்டுக்கு, டிராக்டருக்கு, மாட்டுக்கு எல்லாத்துக்கும் சங்கிலி அடிச்சுத் தர்றோம்.

கடையில 6 எம்எம் சங்கிலி, பளபளன்னு ஜிங்க் பூசுனது, கிலோ கணக்குல தருவான். வாங்காதீங்க. ரெண்டடி கட்டர் வச்சு ஒரு நொடியில கடிச்சுடலாம். 8 எம்எம் சாதா இரும்பும் ரெண்டு பேர் கட்டர் கைப்பிடியில தொங்கினா போயிடும். 10 எம்எம், அதுவும் பதம் வச்ச உருக்குச் சங்கிலின்னா கைக் கட்டர் பல்லு போயிடும், ஆனா மீட்டருக்கு ரெண்டு கிலோவுக்கு மேல வரும். அஞ்சு மீட்டர் எடுத்தா பத்து கிலோவைத் தாண்டிடும். உங்கப்பா தினமும் அதைத் தூக்கணும், அதையும் கணக்குல வைங்க. கம்பி வடம் வேண்டவே வேண்டாம். பார்க்கத்தான் பெருசு, ஒவ்வொரு இழையா நறுக்கிட்டுப் போயிடலாம்.

பூட்டு, திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டு, 2019ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. ஆனா தண்ணியோரத்துக்குப் பித்தளை உடம்பு இருக்கிறதா பார்த்து எடுங்க. சாவித் துளை கீழ்ப் பக்கம் தொங்குற மாதிரி மாட்டணும். பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி மேல மாட்டி விட்டா மழைத் தண்ணி, மண்ணு உள்ள போகாது. மாசம் ஒரு தடவை ரெண்டு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடாதீங்க, மார்கழியில உறைஞ்சு சாவியே திரும்பாது.

இதையெல்லாம் விட முக்கியம் படகு மூக்குல இருக்கிற வளையம். பழைய ஃபைபர் படகுல அந்த வளையம் ரெண்டு போல்ட்டுல நிக்கும். உள்ளுக்குள்ள நட்டு. பத்தாயிரம் ரூபாய்க்குச் சங்கிலி போட்டுட்டு அந்த நட்டை விட்டீங்கன்னா, 13ஆம் நம்பர் ஸ்பேனர் வச்சிருக்கிற பள்ளிக்கூடப் பையன் வளையத்தோட கழட்டிடுவான். உள்பக்கம் கையகலம் ஒரு தகடு குடுத்து, நட்டை முறுக்கி, வெளிய நீட்டியிருக்கிற மரையைச் சுத்தியால நசுக்கி விட்டுடுங்க. அப்புறம் கழட்டவே முடியாது. அங்க வெல்டிங் வைக்கிறேன்னு யாராவது வந்தா விரட்டுங்க, ஃபைபர் தீஞ்சு போயிடும்.

ஒட்டனூர்_அக்கா | திங்கள், மாலை 5.02

வெல்டர் அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான். ஆனா இந்தச் சங்கிலியாலதான் எங்க படகு செத்துச்சு.

2024 ஆடி மாசம் ஞாபகம் இருக்குதுங்களா? ஜூலை ஆரம்பத்துல டேம்ல 40 அடிகிட்டதான் தண்ணி. கர்நாடகாவுல திறந்தாங்க, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற பிலிகுண்டுலுல வரத்து லட்சம் கன அடியைத் தாண்டுதுன்னு டிவியில ஓடிக்கிட்டே இருந்துச்சு, 30ஆம் தேதி 120 தொட்டாச்சு. ஒரு மாசத்துல 80 அடி. சில நாள் ராத்திரி படுத்து காலையில எழுந்தா நேத்து ஆடு மேஞ்ச இடம் தண்ணிக்குள்ள.

எங்க வீட்டுக்காரரு அந்த வருஷம்தான் புதுசா சங்கிலி வாங்கியிருந்தாரு. நாலடிச் சங்கிலி, அடிமரத்துல சுத்திப் பூட்டு. அவரு தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு நாள் தர்மபுரி போயிட்டாரு, சாவி அவரு இடுப்புல. தண்ணி ஏறுது, படகு மேல வரணும், சங்கிலி விடல. மூக்கைப் புடிச்சு கீழ இழுத்துக்கிட்டே இருந்திருக்குது, பின்பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மாடு குனிஞ்சு தண்ணி குடிக்கிற மாதிரி. கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் பரிசல்ல போய்க் கல்லால பூட்டை அடிச்சுப் பார்த்தான், உடையல. நல்ல பூட்டு. சாயங்காலம் முழுகிடுச்சு. தண்ணி இறங்கி நாங்க மறுபடி அந்தப் படகைக் கண்ணால பார்க்க எத்தனை மாசம் ஆச்சு தெரியுங்களா.

அதனால தம்பி, ஆடியில அடிமரத்துல பூட்டாத.

கேஆர்பி_தூண்டில் | திங்கள், மாலை 5.30

அக்கா சொல்றது எங்க பக்கம் உல்ட்டாவா நடந்துச்சு. 2017 நவம்பர்ல கிருஷ்ணகிரி டேம் ஷட்டர் உடைஞ்சப்ப தண்ணி கடகடன்னு இறங்குச்சு. பூட்டின படகெல்லாம் சேத்துல சாய்ஞ்சு கிடந்துச்சு. திருடன் வந்தாலும் இழுக்க முடியாது, நாமளும் இழுக்க முடியாது.

வெல்டர்_பாலக்கோடு | திங்கள், மாலை 5.44

அக்கா, கேட்கவே கஷ்டமா இருக்குது. நான் வாசல் கேட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன். கேட்டு ஏறாது இறங்காது. அப்ப ஒரு நீளக் குழாயை நட்டு, அதுல பெரிய வளையம் மாட்டி, தண்ணியோட வளையம் மேல கீழ ஓடற மாதிரி வச்சா?

பரிசல்_மாமா | திங்கள், மாலை 6.10

குளத்துக்கு ஆகும் வெல்டரே, ஏரிக்கும் ஆகும். மேட்டூர்த் தண்ணிக்கு எத்தனை அடிக் குழாய் நடுவீங்க? அங்க கரைன்னு ஒண்ணு கிடையாது. தண்ணி குறைஞ்சா அக்கரையில பண்ணவாடியில முழுகிக் கிடக்கிற கோயில் நந்தி வெளிய வந்து வெயில் காயும், கரை அரை மைல் உள்ள போயிடும். நிறைஞ்சா மொச்சை விதைச்ச காடு வரைக்கும் வரும்.

எங்க காலத்துல வழி சுலபம். பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு ஒத்த ஆள் மேட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவோம். கவுத்துப் போட்டு மேல ஒரு கல்லு. மூங்கிலும் காயும். துடுப்பு வீட்டுத் தாழ்வாரத்துல. யாராவது ராத்திரி வலை பார்க்க எடுத்துட்டுப் போவான், விடியறதுக்குள்ள அதே இடத்துல கவுத்துட்டுப் போயிடுவான். தெரியும், ஆனா கேக்க மாட்டோம். நாமளும் ஒரு நாள் எடுத்திருப்போமில்ல. அதுக்குப் பேரு திருட்டு இல்லன்னு சொல்லல, ஆனா வக்கீல் சார் சொல்ற 303ம் இல்ல.

ஃபைபர் படகை அப்படித் தூக்க முடியாது. அதுதான் அதோட பலம், அதுதான் பலவீனம்.

ஒட்டனூர்_அக்கா | திங்கள், மாலை 6.25

மாமா, படகை விட வலையில இருக்கிற மீனைத்தான் நிறைய எடுக்கறாங்க. அதுக்கு யாரும் பூட்டு கண்டுபிடிக்கல.

ஏரியூர்காரன் | திங்கள், இரவு 8.15

போயிட்டு வந்துட்டேன். இடுப்புத் தண்ணியில இறங்கிக் கயித்தை அவிழ்த்துட்டு வந்தேன், இப்ப மடியிலதான் இருக்குது. மூணு புரிக் கயிறு. நுனி மூணு புரியும் ஒரே அளவுல இல்ல. ஒண்ணு நாலு விரக்கடை நீளமா இருக்குது, மத்த ரெண்டும் குட்டை. மூணும் பஞ்சு மாதிரி, சுண்ணாம்பு அடிக்கிற மட்டை நுனி மாதிரி பிரிஞ்சு கிடக்குது. அதுக்கு ஒரு சாண் மேல வரைக்கும் கயிறு ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு மயிர் மயிரா நிக்குது. மரத்துல கட்டுன இடத்துக்குக் கீழ ஒரு பட்டுப்போன கிளை, உடைஞ்ச முனை, அதுல நீல நார் ஒட்டியிருந்துச்சு.

எங்க கயிறு நீலம்.

பரிசல்_மாமா | திங்கள், இரவு 8.32

கத்தியில அறுத்தா மூணு புரியும் ஒரே மட்டத்துல நிக்கும். தேய்ஞ்சு அத்துப்போனா ஒவ்வொரு புரியா வேற வேற இடத்துல விடும். கடைசியில விட்ட புரிதான் உன் நீளப் புரி.

இன்னொண்ணும் யோசி. திருட வந்தவன் உன் கயித்தை ஏன் விட்டுட்டுப் போகணும்? மரத்துல முடிச்சை அவிழ்த்தா முழுக் கயிறும் அவனுக்குத்தானே. பொறுமையா வர்றவன் கத்தி போடறதில்ல.

இது ஆள் எடுத்த படகு இல்ல. ஆறு எடுத்த படகு.

ஏரியூர்காரன் | திங்கள், இரவு 8.40

அப்ப அக்கரைக்குப் போயிருக்குமா மாமா? காலையில அப்பாவைப் பரிசல்ல கூட்டிட்டுப் பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் தேடட்டுமா?

பரிசல்_மாமா | திங்கள், இரவு 8.51

அவசரப்படாத. இது ஆடி. காத்து எங்கிருந்து அடிக்குது? மேற்க இருந்து. அக்கரை உனக்கு மேற்க. ஆள் இல்லாத படகு தண்ணி சொல்றதை விடக் காத்து சொல்றதைத்தான் கேக்கும், அதுவும் ஃபைபர் படகுன்னா தண்ணிக்கு மேலதான் பாதி உடம்பு. அக்கரைக்கு எதிர்காத்துல தானா போகாது. உன் கரையிலயேதான் எங்கயோ ஒதுங்கியிருக்கும். தண்ணி இழுப்பும் சேர்ந்து தெற்க தள்ளியிருக்கும். கீழ ஓடை வந்து சேர்ற வாய் ஒவ்வொண்ணா பாரு, முழுகுன கருவேல மரக் கூட்டத்துக்குள்ள பாரு. தனியா போகாத, விடியட்டும். அந்தப் பக்கம் யானை இறங்கும்.

காரிமங்கலம்_வக்கீல் | திங்கள், இரவு 9.20

புகார் கொடுத்திருந்தால் ‘காணவில்லை’ என்ற அளவில் நிற்கட்டும். கண்டெடுத்தவர் யாராவது பாதுகாப்பாக வைத்திருந்தால் அவரைத் திருடன் என்று எழுதிவிட்டுப் பிறகு முகத்தில் விழிப்பது சிரமம்.

ஓசூர்_கயாக் | செவ்வாய், காலை 9.05

என்ன ஆச்சுண்ணா? ஆபீஸ்ல உக்காந்து இதைத்தான் ரீலோடு பண்ணிக்கிட்டு இருக்கேன்.

கேஆர்பி_தூண்டில் | செவ்வாய், காலை 10.30

டவர் இருக்காதுப்பா. மேட்டுக்கு வந்தாதான் பதில் வரும்.

ஏரியூர்காரன் | செவ்வாய், மாலை 4.45

கிடைச்சுடுச்சுங்க!!!

மாமா சொன்ன மாதிரியே எங்க கரைதான். கீழ மூணு கிலோமீட்டர் இருக்கும், ஒரு ஓடை வாய். தூரத்திலிருந்தே அப்பா பார்த்துட்டாரு. ஆனா படகு ஒதுங்கிக் கிடக்கல. ஒரு புங்க மரத்துல, நல்ல உயரத்துல, நீளமா கயிறு விட்டு யாரோ கட்டியிருந்தாங்க. எங்க மிச்சக் கயிறுதான், அதோட வேற ஒரு கயிறு சேர்த்து முடிச்சு போட்டிருக்குது. அப்பா அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துட்டு, ‘இது நம்ம ஊரு முடிச்சு இல்லடா, ஆனா வேலை தெரிஞ்சவன் போட்டது’ன்னாரு. துடுப்பு ரெண்டும் இல்ல.

அவிழ்க்கலாம்னு கை வைக்கறப்ப மேல காட்டுலயிருந்து ஒரு சத்தம். ‘யாருப்பா அது, படகை விடு!’ ஒரு பெரியவரு, கையில களைக்கொத்து. நேத்து விடியக்காலைல தண்ணியில தனியா மிதந்து வந்ததாம், பேரனை விட்டு இழுத்துக் கட்டுனாராம். ‘எங்க படகுதாங்க’ன்னோம். ‘நேத்தே ரெண்டு பேரு வந்து இதையேதான் சொன்னானுங்க. அடையாளம் சொல்லு’ன்னாரு. வெள்ளை, நீலக் கோடுன்னேன். ‘அது எனக்கே தெரியுது’ன்னாரு.

எனக்கு வாயே வரல. அப்பதான் அப்பா ரெண்டு நாள்ல முதல் தடவையா நீளமா பேசுனாரு. ‘நடுப்பலகைக்கு அடியில, இடது பக்கம், ஒரு ஒட்டு இருக்கும். பார்த்துட்டு வாங்க’ன்னாரு.

மாசி மாசம் அடியில ஒரு விரிசல் இருந்துச்சு. ரெசின் வாங்கிட்டு வந்தோம், கண்ணாடி இழைப் பாய் ஒரு கையளவு பத்தல. அம்மா தன்னோட பழைய புடவையில முந்தானைக் கரையைக் கிழிச்சுக் குடுத்துச்சு. அதை வச்சு ரெசின் ஊத்திட்டோம். அரக்குச் சிவப்புல மஞ்சள் கட்டம். பெரியவரு குனிஞ்சு பலகைக்கு அடியில கையை விட்டு, பேரன் போன் லைட் அடிச்சான். ரெசினுக்குள்ள அந்தக் கரை கண்ணாடிக்குள்ள வச்ச மாதிரி அப்படியே தெரியுது. ஒரு இழை கூட மங்கல. பெரியவரு எழுந்திரிச்சு, ‘எடுத்துட்டுப் போங்கப்பா’ன்னுட்டாரு. காசு குடுத்தோம், வாங்கல. வெள்ளிக்கிழமை மீன் கொண்டுபோய்க் குடுக்கறதா சொல்லியிருக்கோம்.

வெல்டர்_பாலக்கோடு | செவ்வாய், மாலை 5.10

இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்! தம்பி, இதையே எல்லாரும் பண்ணலாம். ஒரு தாள்ல பேரு, ஊரு, போன் நம்பர் பென்சில்ல எழுதி, ஃபைபருக்குள்ள ஒரு பூச்சு ரெசின் போடறப்ப அடியில வச்சு ஒட்டிட்டா சுரண்டித்தான் எடுக்கணும். பேனா மை ரெசின்ல கரைஞ்சுடலாம், பென்சில்னா நிக்கும். ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ணு கண்ணுல படற இடம், ஒண்ணு வீட்டுல உள்ளவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச இடம்.

பரிசல்_மாமா | செவ்வாய், மாலை 5.38

பரிசலுக்கும் உண்டு. வெளிய என்ன எழுதினாலும் அடுத்த தார்ல மறைஞ்சுடும். நான் விளிம்புக்குக் கீழ மூணாவது மூங்கில் பிளாச்சுல செப்புக் கம்பி மூணு சுத்து சுத்தி வைப்பேன். கைவச்சுத் தடவினா போதும், இருட்டுலயும் என் பரிசல் எனக்குத் தெரியும்.

கட்டுறதுக்கு வா. ஆடி ஆவணி வரைக்கும் படகைக் கரையில கட்டாத. காரை ஊத்துன பெரிய கல்லு ஒண்ணு, 60 கிலோவுக்குக் குறையாம, தண்ணிக்குள்ள ரெண்டாள் ஆழத்துல போடு. கல்லுலயிருந்து வெல்டர் சொன்ன சங்கிலி கொஞ்சம், அதுக்கு மேல கயிறு, ஆழத்துக்கு நாலு மடங்கு நீளம். படகை அதுல விட்டுட்டுப் பரிசல்ல கரைக்கு வா. பரிசலைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ. வர்றவனுக்கு நீந்தணும், அப்புறம் துடுப்பும் இருக்காது. தண்ணி நாலஞ்சு அடி ஏறுனா கயிறு தாங்கும். அதுக்கு மேலன்னா காலையில போய்க் கல்லை நகர்த்தித்தான் ஆகணும், அதுக்குச் சோம்பல்பட்டா படகு வேண்டாம். கயிறு எங்க உரசுதோ அங்க பழைய ரப்பர் ஓஸ் ஒரு முழம் மாட்டு. தண்ணி நிலையா நிக்கிற மாசத்துல அடிமரத்துல பூட்டிக்கோ, யாரு வேண்டாம்னா.

ஒட்டனூர்_அக்கா | செவ்வாய், இரவு 7.00

சாவி ரெண்டு செஞ்சு ஒண்ணு வீட்டுல ஆணியில மாட்டி வை தம்பி. இடுப்புலயே கட்டிட்டுத் தர்மபுரி போகக்கூடாது.

காரிமங்கலம்_வக்கீல் | செவ்வாய், இரவு 7.25

மகிழ்ச்சி. ஸ்டேஷனில் போய்ப் படகு கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேஆர்பி_தூண்டில் | செவ்வாய், இரவு 7.40

எல்லாம் சரி, அந்தத் துடுப்பு என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

ஏரியூர்காரன் | செவ்வாய், இரவு 8.02

பெரியவரு வீட்டுத் திண்ணையில வச்சிருந்தாருங்க. படகுலயே விட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்னு முதல் வேலையா வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாராம். இப்ப எங்க வீட்டு மாடிப்படியில நிக்குது. அம்மா அதுமேல ஈரத்துண்டு போட்டாச்சு.